தோற்பதற்கு ஓர் ஆள்

அவர் வேலையால் வந்து, குளித்து, சாரன் மாற்றி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் தோற்பதற்கு உட்காருவார்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில் அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சுவர் மெல்லியது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து செஸ் கடிகாரத்தைத் தட்டும் சத்தம் வரத் தொடங்கும். சின்னக் கை உடனே தட்டும். பெரிய கை தட்டுவதற்கு நெடுநேரம் எடுக்கும். சில நேரம், அவர் எழும்பிப் போய்விட்டாரோ என்றுகூட நான் நினைத்திருக்கிறேன். கடைசியில் மகளின் குரல் கேட்கும்.

"வாப்பா, முடிஞ்சி."

"ஓ, முடிஞ்சிதா?" என்பார். எத்தனையோ வருடம் அப்படிக் கேட்டார். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேள்விப்பட்டவரைப் போலத்தான் கேட்டார்.

அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டாவது நோன்பும் கழிந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் வேறு ஆட்கள். டீவிச் சத்தம்தான் வருகிறது.

நிந்தவூர்ப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் அவருக்கு நெல் அவிக்கும் வேலை. உமி போட்டு எரிக்கும் அடுப்புக்கு முன்னால் விடியற்காலையிலிருந்து நிற்க வேண்டும். ஆவியும் வெக்கையும் ஒருவரை உள்ளுக்குள்ளேயே அவித்துவிடும் என்பார். குளித்துவிட்டு வந்தாலும் புருவத்தில் சாம்பல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். களைப்பு என்றால் அவருக்கு ஒரு நாளைக்கு வந்து மறுநாள் போகிற சங்கதி இல்லை. உடுப்பைப் போல அதைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்.

பாடசாலையில் செஸ் தொடங்கியபோது என் மகனும் அவருடைய மகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். என் மகன் கொஞ்ச நாளில் கிரிக்கட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவருடைய மகள் விடவில்லை. வீட்டில் விளையாட ஆள் இல்லை என்று அழுதிருக்கிறாள். உம்மாவுக்குச் சமையல், தையல். தம்பி கைக்குழந்தை. ஆகவே அவள் வாப்பாவைப் பிடித்து இருத்தி, குதிரை எப்படிப் பாயும், சிப்பாய் எப்படி நகரும் என்று படிப்பித்தாள். தொடக்கத்தில் அவர் வென்றார். ஒரு பெருநாள் வருவதற்குள் மகள் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வெல்லவே இல்லை. ஆனாலும் கடைசியில் அவர் வென்ற கதை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேண்டுமென்று தோற்கிறார் என்று யாராவது நினைத்தால் அது பிழை. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உதடு அசைய, விரலால் கட்டங்களைத் தொடாமல் தொட்டு, அவர் உண்மையாகவே யோசிப்பார். ஒருநாள் நான், தோற்கத்தானே போகிறீர்கள், ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று பகிடியாகக் கேட்டேன். ஆசிரியன் என்பதால் என்னை அவர் சேர் என்றுதான் கூப்பிடுவார்.

"யோசிக்காமத் தோத்தா அது புள்ளைக்குப் பிரயோசனமில்ல சேர்," என்றார். "வெல்றவக்கு எதிருல ஒராள் நிண்டு தோக்கணும். சும்மா விழுந்து கிடக்கப்படா."

மாவட்டப் போட்டியில் மகள் முதலாவதாக வந்த பிறகு, மட்டக்களப்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் கிழமைக்கு ஒருமுறை வரத் தொடங்கினார். இளம் பெடியன், கெட்டிக்காரன். போனிலேயே கம்ப்யூட்டரோடு விளையாடலாம், உங்களோடு விளையாடினால் பிள்ளை கீழேதான் போவாள் என்று அவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னான். அவர் கோபப்படவில்லை. பயிற்சியெல்லாம் கம்ப்யூட்டரில் செய்யட்டும், பின்னேரம் ஒரு ஆட்டம் மட்டும் தன்னோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் தோத்தா அதுக்கு முகம் இல்லியே சேர். புள்ள ஒரு முகத்தப் பாக்கணும்."

அந்த முகத்தை அவருடைய மகள் நன்றாகவே பார்த்திருந்தாள். ஒரு நோன்பு காலத்துப் பின்னேரம். அன்று அவர் ஒரு குதிரையைக் கையில் எடுத்தபடியே உறங்கிப்போனார். நான் எதற்கோ அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் தலை சாய்ந்து கிடக்கிறார், கை பலகைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. மகள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். என்னைக் கண்டதும் சத்தம் போட வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவருடைய மனைவி, வாப்பாவை உள்ளே போய்ப் படுக்கச் சொல் என்று கதவடியில் நின்று மெதுவாகச் சொன்னார். மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எழுப்பினா வாப்பாக்கு வெக்கமாப் போயிடும்," என்றாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லித்தான் அவர் விழித்தார். விழித்ததும் குதிரையை வைத்தார். பிழையான இடத்தில்தான் வைத்தார்.

கொழும்புக்குப் போட்டிக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூப்பிடுவார். நான் ஆசிரியன், சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சம் கதைப்பேன் என்பதுதான் காரணம். கல்முனையிலிருந்து பஸ்ஸில் போய் விடியும்போது இறங்குவோம். மகளை எங்காவது முகம் கழுவ வைத்து, பணிஸ் வாங்கிக் கொடுத்து, மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு, அவர் வாசலில் ஒரு மரத்தையோ சுவரையோ பார்த்துச் சாய்ந்துவிடுவார். மற்றப் பெற்றோர் மண்டபத்து யன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு புள்ளிக் கணக்குப் பார்ப்பார்கள். மடிக்கணினியைத் திறந்து, எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் கண்ணாடிப் பக்கம் போகமாட்டார். தன் முகம் கண்டால் பிள்ளை அதையே யோசிப்பாள், பலகையைப் பார்க்கமாட்டாள் என்பார்.

ஒருமுறை கொழும்புத் தாய் ஒருவர், இந்தப் பிள்ளைக்கு யார் பயிற்சி என்று என்னிடம் விசாரித்தார். நான் மட்டக்களப்புப் பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தாய் இவரைக் காட்டி, இவரும் விளையாடுவாரா என்று கேட்டார். அரிசி ஏற்ற வரும் லொறிக்காரர்களிடம் பழகிய சிங்களத்தில் இவரே மறுமொழி சொன்னார்: விளையாடுவேன், நாட்டிலேயே அதிகம் தோற்றவன் நான்தான். அந்தப் பெண் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டுத் திரும்பவும் சுவரில் சாய்ந்தார்.

எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளை இப்படி ஊர் ஊராகப் போனால் கதை வராமல் இருக்காது. அவருடைய மனைவியின் வழியில் ஒரு பெரியப்பா இருந்தார். செஸ் விளையாடுவது மார்க்கத்தில் கூடாது என்பதில் தொடங்கி, புள்ள பெரிசாகிட்டா, இனி என்ன விளையாட்டு என்பதில் முடிப்பார். இவர் மௌலவியிடம் போய்க் கேட்டார். சூது இருக்கக்கூடாது, தொழுகை தவறக்கூடாது, மற்றபடி அறிஞர்களுக்குள் இரண்டு கருத்தும் இருக்கிறது என்று மௌலவி சொன்னார். அன்றிலிருந்து பாங்கு கேட்டால் இவர் கடிகாரத்தை நிறுத்துவார். ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

மகளுக்குப் பதினான்கு வயதானபோது மாகாணத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்தது தேசியப் போட்டி. அதில் முன்னுக்கு வந்தால் நாட்டுக்காக வெளிநாடு போகலாம். இந்தக் கரையிலிருந்து அப்படிப் போன பெண் பிள்ளை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பாடசாலை வாசலில் அவளுடைய படத்தோடு பெரிய பெனர் கட்டினார்கள். பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் வந்தான். விடியற்காலையில் ஒன்லைன் வகுப்பு, பின்னேரம் பயிற்சி, இடையில் பாடசாலை. அவளுக்கு அடிக்கடி தலையிடி என்று என் மனைவி வந்து சொன்னாள். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். சோதனைக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நாங்கள் கதைத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவர் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"சேர், இண்டைக்கு நான் வெண்டுட்டன்."

நான் சிரித்து, மாஷா அல்லாஹ், இத்தனை வருடத்துக்குப் பிறகா என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மில்லில் யாருக்காவது ஏதும் நடந்துவிட்டதாகச் சொல்ல வந்தவரின் முகம் அது.

நேற்றும் வென்றதாகச் சொன்னார். நேற்று, ஏதோ பிழை விட்டுவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். இன்று அவள் ராணியைக் கொண்டுவந்து, முதல் நாள் பழகும் பிள்ளைகூட வைக்காத இடத்தில் வைத்தாள். பொறியாக இருக்கும் என்று அவர் கனநேரம் பார்த்தார். பொறி ஒன்றும் இல்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காம இரிந்தன். அவ, எடுங்க வாப்பா எண்டா. எடுத்தன். அப்ப அவட முகத்தக் கண்டன் சேர். தலையில மூட்டையோட நிண்ட ஆள், மூட்டைய இறக்கினா எப்பிடி இரிக்கும், அப்பிடி இரிந்திச்சி."

மகளிடமே கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டா, விளையாடுவன் எண்டுதான் சொல்லுவா. நான் இவ்வளவு காலமும் எதிருல இரிந்தது வீணாப் போயிடும் எண்டு பயப்படுறா. அவ வாயால அது வராது."

வெக்கையில் சிவந்த கண்களைப் புறங்கையால் துடைத்தார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் மகளிடம் கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது. போதும் மகள், இனிப் படிப்பைப் பாரு, வாப்பாவுக்கும் இனி ஏலாது, கொழும்புக்குப் போறதில்ல என்று சொன்னார். நான் நிப்பாட்டுறன் என்று திரும்பத் திரும்ப, தன்னுடைய முடிவாகவே சொன்னார். அன்று அவள் பாடசாலைக்குப் போகவில்லை. சோறு தின்றுவிட்டுப் படுத்தவள், அஸர் வரைக்கும் எழும்பவே இல்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார். பிள்ளை அப்படி உறங்கிக் கனகாலம் என்று சொல்லி அழுதாராம்.

பாடசாலையிலிருந்து பொறுப்பாசிரியரும் பயிற்சியாளரும் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, பிள்ளையின் எதிர்காலம், ஊரின் பேர் என்று பொறுப்பாசிரியர் நெடுநேரம் கதைத்தார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளறையில் இருந்தாள். திரைச்சீலைக்குக் கீழே அவளுடைய கால் தெரிந்தது. கடைசியில் பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"பொம்புளப் புள்ள பெரிசாகிட்டா, அதுதானே காரணம்? நேராச் சொல்லுங்களன்."

இவர் திரைச்சீலையைப் பார்த்தார். கால் அங்கேயே நின்றது.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் வைங்களன்."

நான் வாய் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு ஊர் பேசியது. பெண் பிள்ளைகளின் திறமையைப் புதைக்கிற தகப்பன்மார் என்று ஒரு பெடியன் முகநூலில் எழுதினான். பெயர் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. தேத்தண்ணிக் கடையில் யாரோ அதை வாசித்துக் காட்ட, இவர் கோப்பையை ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போனார். பெனரைக் கழற்றும்போது நான் பாடசாலைப் பக்கத்தால் போனேன். அதைச் சுருட்டிய காவலாளிகூட, பாவம் அந்தப் புள்ள, வாப்பா சரியில்ல என்றார்.

ஏச்சு அவரை அவ்வளவாகத் தொடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் அந்தப் பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் இவருடைய கையைப் பிடித்து, நல்ல முடிவு எடுத்தாய் மகன், இப்பதான் மனிசனாகி இருக்கிறாய் என்று முதுகைத் தட்டினார். அப்போதுதான் அவர் தடுமாறியதைக் கண்டேன். கையை மெதுவாக உருவிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்றார். வெள்ளிக்கிழமை மில் பூட்டு. பெரியப்பாவுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளித்துவிட்டு வந்து வாசலில் நிற்பார். கடற்கரைப் பக்கம் போவார், பாதியில் திரும்பி வருவார். ஒருநாள் இரக்கப்பட்டு, வாருங்கள் நான் விளையாடுகிறேன் என்றேன். "உங்களோட தோத்து எனக்கு என்ன சேர்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் உமி வெக்கைதான் இருந்தது.

மகள் படித்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நன்றாகச் செய்து பல்கலைக்கழகம் போனாள். விடுமுறைக்கு வந்தால் வாப்பாவோடு நன்றாகத்தான் இருப்பாள். ஆனால் கதையில் செஸ் வந்தால் அவளுடைய குரல் ஒரு படி இறங்கும். அவளுக்கு நினைவிருந்தது வாப்பா நிறுத்தியதுதான். தன்னுடைய களைப்பு நினைவில் நிற்கவில்லை. பதினான்கு வயதில் தலைக்கு மேலே ஏறி நிற்கிறது இன்னதென்று யாருக்குத் தெரியும்? இறங்கின பிறகு அது இருந்த இடமும் மறந்துவிடுகிறது. கிடைக்காமல் போனது மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்கிறது.

அவள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தில் இருக்கும்போது, பழைய பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவரும் நானும் போனோம். அப்போது அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது. மில்லில் இலேசான வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில் இருந்தார்.

மகள் நன்றாகப் பேசினாள். கணிதத்தைப் பற்றி, விடுதி வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிவிட்டுச் செஸ்ஸுக்கு வந்தாள். "எனக்கு இன்னும் ஓர் அடிதான் இருந்தது," என்றாள். "அந்த அடியை வைக்க என்னை வீட்டில் விடவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, அன்பால்தான் செய்தார்கள். ஆனால் இங்கே இருக்கிற பெற்றோரிடம் கேட்கிறேன், உங்கள் பெண் பிள்ளைகளை நினைத்துப் பயப்படாதீர்கள்." மண்டபம் கைதட்டியது. பின் வரிசைப் பெண் பிள்ளைகள் நெடுநேரம் தட்டினார்கள். அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார்.

விழா முடிந்து நாங்கள் இருவரும் பிரதான வீதியால் நடந்து வந்தோம். மகள் பழைய ஆசிரியர்களோடு நின்றுவிட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை வருடமாக ஏன் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லவில்லை, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன்.

அவர் இருமி முடிக்கும்வரை நின்றார்.

"என்னத்தச் சொல்ற, சேர்? நீதான் மகள் களைச்சிப்போய் விளையாட்ட விட்டாய், வாப்பா நிப்பாட்டல்ல எண்டா? அதக் கேட்டா அவ தன்னிலயே கோபப்படுவா. காலம் பூராவும் கோபப்படுவா. இப்ப என்னில கோபப்படுறா. எனக்குப் பழக்கம்தானே."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள், கையில் நினைவுச் சின்னம், தலையிலிருந்து கழுத்தில் சரிந்த முந்தானை. என்னை விட்டுட்டு வாறீங்களே என்று குறைப்பட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நடந்தாள். பிறகு அவள் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் பேசினது எப்பிடி, வாப்பா?"

அவர் அவளுடைய கையிலிருந்த நினைவுச் சின்னத்தை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பேசினாய் மகள்," என்றார். "பின்னுக்கு இரிந்த ஆக்களுக்கும் கேட்டிச்சி."